லாப்டொப் திருத்தத்தில் இருக்கிறது, ராஸ்பெரி பையோடு கொழும்புக்குப் போகலாமா?

கேள்வி: என் லாப்டொப்பைத் திருத்தக் கொடுத்திருக்கிறேன், வர ஒரு மாதம் ஆகுமாம். அதற்குள் மூன்று வாரப் பயிற்சிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போக வேண்டும். தம்பியின் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகை, 4 ஜிபி, வீட்டில் சும்மா கிடக்கிறது. மெயில், தமிழில் கடிதம், இடைக்கிடை சூம், இவ்வளவுதான் வேலை. இது போதுமா, அல்லது பழைய லாப்டொப் ஒன்று வாங்கவா?

பதில்: கையில் இருக்கிறதென்றால் கொண்டு போங்கள், ஆனால் முதலில் தங்கப்போகும் இடத்துக்கு ஒரு கோல் எடுத்து அறையில் ரிவி இருக்கிறதா, அதன் எச்டிஎம்ஐ துளைக்குக் கை எட்டுமா என்று கேளுங்கள். நான் ஒருமுறை வெள்ளவத்தையில் அறை எடுத்தபோது ரிவி இருந்தது, ஆனால் சுவரில் உயரத்தில், துளை பின்பக்கம், என் வயரோ ஒரு மீற்றர். கதிரையில் ஏறி நின்று செருகிவிட்டு, பையைச் சுவரில் தொங்கவிட்டபடி கழுத்து நோக இரண்டு நாள் வேலை செய்தேன். இரண்டு மீற்றர் வயராக வாங்குங்கள். பை 4இல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ, சாதாரண வயர் அதில் ஏறாது.

அடுத்தது கரண்ட். பை 4க்கு 5 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜரில் போட்டால் திரை மூலையில் சின்ன மின்னல் குறி வரும், அது வந்தால் சார்ஜரை மாற்றிவிடுங்கள். நிறுத்தும்போது மெனுவில் போய் நிறுத்தி, பச்சை லைட் மினுங்குவது நின்ற பிறகுதான் வயரைக் கழற்ற வேண்டும். கரண்ட் திடீரென்று நின்று எல்லாம் சேமிக்கப்படும் என்னுடைய எஸ்டி கார்ட் ஒன்று பழுதாகி, எழுதி வைத்த எல்லாம் போனது. அதனால் புறப்பட முன்னமே கார்டைப் பிரதி எடுத்து இரண்டாவது கார்டையும் பயணப் பெட்டியில் வையுங்கள், பிரதி எடுக்கும் வசதி மெனுவிலேயே இருக்கிறது.

மைக்ரோசொப்ட் வேர்ட் இதில் ஓடாது, லிப்ரே ஒபிஸ் ஓடும். உங்கள் பழைய கடிதங்கள் பாமினியில் இருந்தால் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக்கள்தான் தெரியும். பாமினி எழுத்துருக் கோப்பைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் வழக்கம்போலவே தட்டலாம். யூனிகோட் என்றால் தமிழில் தட்ட உதவும் ஐபஸ் என்ற மென்பொருளை நிறுவ வேண்டும், அதை வீட்டில் நல்ல இணையம் இருக்கும்போதே செய்துவிடுங்கள். சூமை போனில் பாருங்கள். பையில் மைக்கும் இல்லை, கமராவும் இல்லை, இரண்டையும் வாங்கிச் செருகினாலும் பிரவுசரில்தான் ஓட்ட வேண்டும், அந்தச் செலவு வீண்.

யாழ்தேவி ரயிலில் போகும்போது வேலை செய்யலாம் என்று நினைக்காதீர்கள், திரை இல்லாமல் ஒன்றும் நடக்காது. இனி பை, சார்ஜர், கார்ட், கீபோர்ட், திரை எல்லாம் புதிதாக வாங்க வேண்டியவர் யாராவது இதைக் கேட்டிருந்தால், பாவித்த லாப்டொப் ஒன்றையே எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்குப் பை கையில் இருக்கிறது, சரி. இந்தச் சனி ஞாயிறு வீட்டு ரிவியில் மாட்டி, போன் ஹொட்ஸ்பொட்டில் ஒரு முழுநாள் வேலை செய்து பாருங்கள்.