புகைச் சான்றிதழை நம்பி டீசல் கார் வாங்கலாமா?

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கப் போகிறோம். ஒரே மாடலில் 2018, 2021 என்று இரண்டு டீசல் வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். தினமும் பிள்ளைகளை நான்கு கிலோமீட்டரில் இருக்கும் பள்ளியில் விட வேண்டும், மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான். டீசல் புகை மரபணுவையே பாதிக்கும் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. தரகரோ "புகை சர்டிபிகேட் சரியா இருக்கு, கவலைப்படாதீங்க" என்கிறார். அது போதுமா? நாமே வண்டியின் புகையை மரபணுச் சோதனைக்குக் கொடுக்க முடியுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: போதாது. சான்றிதழ் தரும் இடத்தில் டீசல் வண்டிக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை நின்று பாருங்கள். நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார்கள். வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி அளக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கரும்புகை அதில் மாட்டும். நுரையீரலின் அடிவரை போகிற மிக நுண்ணிய துகள்கள் ஒளியை அதிகம் மறைப்பதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற நச்சு வாயுக்களை அந்தச் சோதனை அளப்பதே இல்லை.

மரபணுச் சோதனை முற்றிலும் வேறு. 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய முறை இன்றும் பயன்படுகிறது. ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணுக் குறையுள்ள சால்மோனெல்லா பாக்டீரியாவை எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சத்து கிடைக்காத தட்டில் அது வளராது. புகைக்கரியிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைச் சேர்த்தபின் வழக்கத்தைவிட அதிகமான இடங்களில் வளர்ந்தால், சாறு மரபணுவை மாற்றி அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டது என்று அர்த்தம். டீசல் கரி இதில் தெளிவாகவே மாட்டியது. 1997-ல் ஜப்பானின் கியோட்டோ ஆய்வாளர்கள் டீசல் புகையில் 3-நைட்ரோபென்சாந்த்ரோன் என்ற பொருளைக் கண்டார்கள். இந்தச் சோதனையில் அதுவரை பார்த்தவற்றிலேயே மிகக் கடுமையானவற்றில் அதுவும் ஒன்று.

பாக்டீரியாவில் நடப்பதெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்று இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவில் டீசல் இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்த 12 ஆயிரத்துக்கும் அதிகமான சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்ததில், புகையை அதிகம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று தெரிந்தது. 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் மூடிய இடத்தில் வருடக்கணக்கில் சுவாசித்தவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்படிப்பட்ட சோதனைகள் ஆய்வகத்தில் நடப்பவை. ஒரு தனி வண்டியை அதற்குக் கொண்டுபோவதில் பலனில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது புகை வடிகட்டியை, அதாவது டி.பி.எஃப்-ஐத்தான். 2015-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், வடிகட்டி பொருத்திய புதிய வகை டீசல் இன்ஜின்களின் புகையை எலிகள் 30 மாதம் வரை சுவாசித்தன. நுரையீரல் கட்டியும் வரவில்லை, மரபணுச் சேதமும் தென்படவில்லை. பழைய வகைப் புகையில் எலிகளுக்குக் கட்டி வந்திருந்தது.

நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற வாகனப் புகை வரம்பு விதி வந்தது. டீசல் கார் வெளியிடும் துகளின் வரம்பு கிலோமீட்டருக்கு 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமாக இறங்கியது. வடிகட்டி இல்லாமல் அந்த வரம்பைத் தொடுவது கடினம். 2018 வண்டி அதற்கு முந்தைய பி.எஸ். 4 விதியின் காலத்தது. அதில் பெரும்பாலும் வடிகட்டியே இருக்காது. அதை விட்டுவிடுங்கள்.

2021 வண்டியில் ஆர்.சி.-யில் பி.எஸ். 6 என்று இருக்கிறதா பாருங்கள். புகைக்குழாயின் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். கெட்டியாகக் கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கலாம் அல்லது கழற்றப்பட்டிருக்கலாம். நம்பகமான மெக்கானிக்கைக் கொண்டு வண்டியைத் தூக்கி வடிகட்டிக் கூட்டில் புது வெல்டிங் தடம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் வடிகட்டிக்குள் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதும் தெரியும். ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் அவ்வப்போது நடக்கும் கட்டாய வாகனச் சோதனைகளில் டீசல் புகையின் துகள்களை எண்ணியே பார்க்கிறார்கள். இங்கேயும் அது வர வேண்டும். அதுவரை இந்த வேலை நம் தலையில்தான்.

ஆனால் நான்கு கிலோமீட்டர் பள்ளிப் பயணத்துக்கு டீசலே வேண்டாம் என்பேன். வடிகட்டியில் சேரும் கரி எரிய நல்ல சூடு வேண்டும், குறுகிய ஓட்டத்தில் அது கிடைக்காது. பி.எஸ். 6 பெட்ரோல் கார் பாருங்கள்.

கேள்வி: என் டீசல் காரில் டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது. அந்த வடிகட்டியையே கழற்றிவிட்டால் தொல்லையே இருக்காது, மைலேஜும் கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: செய்யாதீர்கள். உங்கள் பின்னால் பைக்கில் வருபவர் சுவாசிப்பது அந்தக் கரியைத்தான். சட்டப்படியும் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விளக்கு ஒளிர்ந்தால் முதலில் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். அணையாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கரியை எரிக்கச் சொல்லலாம். அப்புறமும் திரும்பத் திரும்ப வந்தால், இன்ஜெக்டரையும், ஊற்றியிருக்கும் ஆயில் கையேட்டில் சொன்ன வகைதானா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.