ஏலியன் படங்களின் வட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்வெளித் திகில் படங்களான ஏலியன் வரிசையின் முதல் நான்கு படங்களும் அடங்கிய, ஒன்பது டிவிடிகள் கொண்ட 2003ஆம் ஆண்டுப் பெட்டியை நெடுநாளாக வைத்திருக்கிறேன். இப்போது பெரிய தொலைக்காட்சியும் 4கே பிளேயரும் வாங்கியிருப்பதால், அப்படங்களைப் புதிய வட்டுகளில் சேர்க்க விரும்புகிறேன். கடைசியாக வந்ததே சிறந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வடிவங்கள் இருப்பதால், இயக்குநரின் உண்மையான வடிவம் எது என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. எதை வாங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று சொல்ல முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

கடைசியாக வந்ததே சிறந்தது என்ற கணக்கு முதல் படத்துக்கு முழுமையாகப் பொருந்துகிறது, இரண்டாவது படத்தில் தலைகீழாகிவிடுகிறது. எனவே படம் படமாகப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ரிட்லி ஸ்காட்டின் 1979ஆம் ஆண்டுப் படம் இருளால் ஆனது. ஒளிப்பதிவாளர் டெரெக் வான்லின்ட் அகன்ற திரைக்காக எடுத்த அந்தச் சட்டகத்தை, பழைய சதுரத் தொலைக்காட்சிக்காக இருபுறமும் வெட்டி வீடியோ கேசட்டில் அடைத்தபோது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் காணாமல் போனது. எஞ்சிய பகுதியிலும் இருள் சாம்பல் நிறமாகவே தெரிந்தது. எந்த மூலையில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் இப்படத்தின் அச்சம் என்பதால், அந்த இழப்பு சிறியதன்று. படத்தின் நாற்பதாவது ஆண்டான 2019இல் வெளிவந்த 4கே வட்டு, மூல நெகட்டிவை மீண்டும் ஸ்கேன் செய்து உருவாக்கப்பட்டது. கறுப்புக்குள் கறுப்பாக அடுக்கப்பட்ட குழாய்களும் சங்கிலிகளும் அதில் தனித்தனியே தெரிகின்றன, படச்சுருளுக்கே உரிய துகள்தன்மையான கிரெய்னும் அப்படியே இருக்கிறது. தயங்காமல் வாங்குங்கள்.

அதே வட்டில் 2003ஆம் ஆண்டின் ‘டைரக்டர்ஸ் கட்’ வடிவமும் உண்டு. பெயரைப் பார்த்து அதுவே இயக்குநரின் மனத்திலிருந்த படம் என்று எண்ணிவிட வேண்டாம். 1979இல் வெளியான வடிவத்தில் தமக்கு முழு நிறைவு என்று ஸ்காட்டே கூறியிருக்கிறார். நீக்கப்பட்டிருந்த சில காட்சிகளைச் சேர்த்து வேறு சில இடங்களைச் சுருக்கியதால், புதிய வடிவம் பழையதைவிட ஏறத்தாழ ஒரு நிமிடம் குறைவாகவே ஓடுகிறது. கப்பல் வெடிக்கப்போகும் பரபரப்பின் நடுவே, கூட்டுக்குள் சிக்கிக் கிடக்கும் கேப்டன் டல்லஸைக் கதாநாயகி ரிப்ளி காணும் காட்சி தனியாகப் பார்க்கையில் உலுக்குகிறது, ஆனால் படத்துக்குள் வரும்போது ஓட்டத்தைத் தடுக்கிறது. என் தேர்வு 1979தான்.

ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’ (1986) சிக்கலானது. குறைந்த ஒளியிலும் பதிவாகும் ‘வேகமான’ படச்சுருளில் எடுக்கப்பட்டதால் அதில் இயல்பிலேயே கிரெய்ன் மிகுதி. அது கேமரூனுக்குப் பிடித்ததேயில்லை. 2010ஆம் ஆண்டுப் புளூரேவுக்காக அவர் மேற்பார்வையில் படம் முழுவதும் சுத்தம் செய்யப்பட்டது. நீலப்பச்சைச் சாயல் சற்றே ஏறினாலும், முகங்கள் அப்போது முகங்களாகவே இருந்தன. 2024 மார்ச்சில் வந்த 4கே பதிப்பு, நியூசிலாந்தின் பார்க் ரோடு போஸ்ட் நிறுவனத்தில் மென்பொருள் கொண்டு மேலும் மெருகேற்றப்பட்டது. டால்பி அட்மாஸ் ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அண்மைக் காட்சிகளில் தோல் மெழுகு பூசியதுபோல வழுவழுக்கிறது, முடியிழைகள் ஒட்டிக்கொள்கின்றன, விளிம்புகள் இயல்பை மீறிக் கூர்மையாகின்றன. இயக்குநரே ஒப்புதல் அளித்ததை நாம் எப்படி மறுக்கலாம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேமரூனின் இன்றைய விருப்பத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் 1986இல் ஒளிப்பதிவாளர் ஏட்ரியன் பிடிலின் கேமரா பதிவு செய்த, ரிப்ளியாக நடித்த சிகர்னி வீவரின் முகத்துக்கும் மதிப்பு உண்டு. அந்த முகத்தைக் காண இன்றும் 2010ஆம் ஆண்டு வட்டுக்கே திரும்ப வேண்டியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இப்படத்தின் 154 நிமிட வடிவம் 1991இல், டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டான லேசர் டிஸ்க்காக வெளியானது. திரையரங்கு வடிவம் 137 நிமிடம். ரிப்ளி உறக்கத்தில் இருந்த 57 ஆண்டுகளில் அவள் மகள் முதுமையுற்று இறந்துவிட்ட செய்தி நீண்ட வடிவத்தில்தான் இருக்கிறது. சிறுமி நியூட்டின்மீது அவள் கொள்ளும் பாசத்துக்கு அது கொடுக்கும் ஆழத்தை இழக்க எனக்கு மனமில்லை. எனினும் அதே வடிவம் வேற்றுக்கோளில் அமைந்த மனிதக் குடியேற்றத்தின் அழிவு தொடங்குவதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது, மீட்கச் செல்லும் வீரர்களோடு சேர்ந்து ஒன்றும் அறியாமல் நாம் உள்ளே நுழையும் வாய்ப்புப் போய்விடுகிறது. வீட்டில் முதன்முறை பார்ப்பவர் இருந்தால் குறுகிய வடிவத்தைப் போடுங்கள்.

மூன்றாவது படத்துக்காகவே உங்கள் பழைய பெட்டியை மாற்றச் சொல்வேன். டேவிட் ஃபின்ச்சரின் முதல் திரைப்படம் அது. முடிவுறாத திரைக்கதையோடு 1991இல் இங்கிலாந்தின் பைன்வுட் தளத்தில் படப்பிடிப்பு தொடங்கியது, படத்தைத் தயாரித்த ஸ்டுடியோவோடு ஓயாத மோதல், இறுதியில் படம் அவர் கையைவிட்டே போனது. 2003இல் ஸ்டுடியோ அழைத்தபோதும் அவர் வர மறுத்தார். ஆகவே அவரது அன்றைய படத்தொகுப்பை ஒட்டி, வட்டுத் தயாரிப்பாளர் சார்லஸ் டி லாசிரிகா பொறுப்பில் மீட்டெடுக்கப்பட்ட வடிவத்துக்கு, முதற்கட்டத் தொகுப்பு என்ற பொருளில் ‘அசெம்ப்ளி கட்’ என்று பெயரிட்டார்கள். அது நேர்மையான பெயர். திரையரங்கு வடிவத்தைவிட அரைமணி நேரம் நீளமான இதில் வேற்றுலக விலங்கு நாயிலிருந்து வருவதில்லை, எருதிலிருந்து வருகிறது. கதை நடக்கும் சிறைக்கோளின் கைதிகள் அதை ஓர் அறைக்குள் சிக்கவைப்பதும், அவர்களில் மனம் பேதலித்த கோலிக் அதைத் திறந்துவிடுவதும் இதில் மட்டுமே உள்ளன. பால் மெகான் நடித்த அந்தப் பாத்திரம் திரையரங்கு வடிவத்தில் பாதியிலேயே மறைந்துவிட, படத்தின் நடுப்பகுதி காரணமின்றி நகர்வதாகத் தோன்றியது. மீட்கப்பட்ட வடிவத்தில் கைதிகளின் நம்பிக்கையும் பித்தும் கதையின் முதுகெலும்பாகின்றன.

உங்கள் டிவிடியில் அந்தக் காட்சிகளின் வசனம் தெளிவாகக் கேட்காது. படப்பிடிப்புத் தளத்தில் பதிவான கரட்டு ஒலியே அப்போது கிடைத்தது. 2010ஆம் ஆண்டின் ஆறு வட்டுப் புளூரேப் பெட்டிக்காக நடிகர்களை மீண்டும் அழைத்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவ்வசனங்களை டப்பிங் செய்தார்கள். மற்றொன்றும் உண்டு. இப்படம் உருவான கதையைச் சொல்லும் ஆவணப்படம், ஸ்டுடியோவுக்குச் சங்கடமான பகுதிகள் நீக்கப்பட்டே 2003இல் வெளியானது, அவை 2010இல் மீண்டும் சேர்க்கப்பட்டன. தன் தோல்வியின் கதையைத் தானே வெளியிட ஒரு நிறுவனம் முன்வந்ததை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ழான் பியர் ழூனேயின் நான்காவது படத்தில் (1997) திரையரங்கு வடிவமே தம்முடையது என்று அவரே வட்டின் முன்னுரையில் சொல்கிறார். அதையே பாருங்கள்.

எனவே நான்கு படங்களுக்கும் 2010ஆம் ஆண்டுப் பெட்டியை வாங்கி, அதோடு முதல் படத்தின் 2019ஆம் ஆண்டு 4கே வட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஏலியன்ஸ்’ 4கே வட்டை எவரிடமாவது இரவல் பெற்று, முகங்களைக் கவனித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஒரு நாட்டு வட்டு வேறு நாட்டுப் பிளேயரில் ஓடாதபடி தடுக்கும் மண்டலக் கட்டுப்பாடு 4கே வட்டுகளுக்குக் கிடையாது, புளூரேவுக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து பெட்டியை வரவழைப்பதானால் அது உங்கள் பிளேயரில் ஓடுமா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.