பாம்பன் அப்பாவுக்கு முதல் ஸ்மார்ட்போன்: முதலில் சிம்மைப் பாருங்கள்

நாட்டுப்படகில் போகிற அப்பாவுக்குப் பத்தாயிரத்துக்குள் எந்த போன், எந்த சிம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சிம், அப்புறம் போன். வீட்டுத் திண்ணையிலும் படகு கட்டும் இடத்திலும் தெரிந்தவர்கள் போனை வாங்கி எத்தனை கோடு காட்டுகிறது என்று பாருங்கள். கடைக்காரர் பேச்சு கரைக்கு உதவாது. நிறுவனம் மாற்றினாலும் அப்பாவின் எண்ணை விட வேண்டாம். போர்ட் செய்தால், அதாவது எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறினால், அதே எண் தொடரும்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை நெட்வொர்க் எட்டிப் பார்க்கும். போன் அதற்குத் தாவிவிடாமல் இருக்க, செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை (வேறு நெட்வொர்க்கில் இன்டர்நெட் ஓடுவதை) அணைத்துவிட்டு, நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்கில் விடாமல் அப்பாவின் சிம் நிறுவனத்தையே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

போனுக்கு 5000 எம்ஏஎச் பேட்டரி, சத்தமான ஸ்பீக்கர் போதும். கேமராவுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி68 குறி எழுதியிருந்தாலும் அந்தச் சோதனை நன்னீரில்தான். என் போனின் சார்ஜர் துளை உப்புத்தண்ணீர் பட்டுப் பச்சை பூத்தே செத்தது. கழுத்தில் மாட்டும் வாட்டர்புரூஃப் பை ஒன்று சேர்த்து வாங்குங்கள்.

பழைய பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வலை இழுத்த ஈரக்கைக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது.