கல்யாண வீடியோ ஓடுகிறது, சினிமா ஓடவில்லை

கேள்வி: போன மாதம் 1,700 வெள்ளிக்குப் புது மடிக்கணினி வாங்கினேன். வீட்டில் உள்ள பழைய புரொஜெக்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும்தான். கணினியை அதோடு இணைக்கக் கடைக்காரரே ஒரு மாற்றி கொடுத்தார். மகள் கல்யாண வீடியோ அருமையாக ஓடுகிறது. சந்தா கட்டிப் பார்க்கும் படங்களுக்குச் சத்தம் மட்டும் வருகிறது, திரை கறுப்பு. "விண்டோஸ் அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். திருப்பிக் கொடுக்கலாமா? – ஈசூன் வாசகர்

பதில்: விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாற்றி கெட்டிருந்தால் கல்யாண வீடியோவும் வந்திருக்காது.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. சந்தாப் படத்தை வெளியே அனுப்பும் முன், எதிரே இருக்கும் திரையிடம் எச்டிசிபி என்ற பூட்டின் சாவி இருக்கிறதா என்று கணினி விசாரிக்கும். நடுவில் டாக் என்ற இணைப்புப் பெட்டி, பிரிப்பான் எது இருந்தாலும் அதுவும் பதில் சொல்லியாக வேண்டும். 4கே என்ற மிகத் துல்லியமான படமென்றால் பெரும்பாலும் எச்டிசிபியின் 2.2 பதிப்பைக் கேட்கும். விஜிஏவுக்கோ அந்தப் பாஷையே தெரியாது. 2007-இல் விஸ்டா என்ற பதிப்பு வந்தபோதே இந்தக் காவலை விண்டோஸுக்குள் ஆழமாக இறக்கிவிட்டார்கள்.

இதில் எனக்கு எரிச்சலே, மாட்டிக்கொள்வது யார் என்பதில்தான். எச்டிசிபியின் மூலச்சாவி 2010-இலேயே வெளியே கசிந்துவிட்டது. திருட்டுப் பிரதியில் பார்ப்பவருக்கு எந்தத் திரையும் கறுப்பதில்லை. மாதாமாதம் பணம் கட்டும் உங்களுக்குத்தான் கறுக்கிறது. 4கே புளூரே வட்டு வாங்கியவர்கள் கதை இன்னும் மோசம். அதைக் கணினியில் ஓட்ட இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்றார்கள். 11ஆம் தலைமுறை கோர் சிப்புகளில் இன்டெலே அதைக் கைவிட்டது. வட்டு அலமாரியில் இருக்கிறது, புதுக் கணினி அதைத் தொடாது. இந்தியாவுக்கான மண்டலம் 5 என்று போட்ட டிவிடியை ஊரிலிருந்து கொண்டுவந்தவர்களுக்கு இது பழகிய கதைதான்: சிங்கப்பூர் மண்டலம் 3, டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும்.

சரி, திருப்பிக் கொடுப்பது. கணினியில் பழுதில்லை என்பதால், "கெட்டுப்போன பொருள்" என்று போனால் நிற்காது. ஆனால் "பழைய புரொஜெக்டரில் படம் பார்க்கத்தான் வாங்குகிறேன்" என்று நீங்கள் சொல்லி, "ஓடும்" என்று அவர் மாற்றியையும் எடுத்துக் கொடுத்திருந்தால் பேச இடமுண்டு. வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். ரசீதோடு சேர்த்துப் பயனீட்டாளர் சங்கத்திடம் காட்டுங்கள். குறைந்தபட்சம் மாற்றிக்கான காசையாவது கேளுங்கள்.

பூட்டைக் கழற்றும் பெட்டி என்று இணையத்தில் விற்பதை வாங்க வேண்டாம். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் அந்த வழிக்கு இடம் தருவதில்லை.

இன்று இரவே ஒரு சோதனை: மாற்றியைக் கழற்றிவிட்டு, எச்டிஎம்ஐ கேபிளை நேராக வீட்டு டிவியில் செருகி அதே படத்தைப் போடுங்கள். படம் வந்தால் கணினியைத் திருப்ப வேண்டாம், புரொஜெக்டரை மாற்றினால் போதும். புதுப் புரொஜெக்டர் வாங்கும்போது கடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, உங்கள் மடிக்கணினியை மாட்டி, கல்யாண வீடியோ அல்ல, சந்தாப் படத்தையே ஓட்டிப் பாருங்கள்.