‘மாத்திரை போட்டீங்களா?’ என்று எத்தனை தடவை கேட்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 28. கல்லூரி நாளிலிருந்து ஓசிடிக்கு (ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து, சரிபார்க்கச் சொல்லும் நோய்) ஃப்ளுவாக்சிடின் மாத்திரை சாப்பிடுகிறேன். நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு பைபோலார் (மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமான நோய்), அதற்கு லித்தியம் மாத்திரை எடுக்கிறார். எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அவருக்குத் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தில் ராத்திரி நாலைந்து தடவை போன் செய்து, ‘மாத்திரை போட்டீங்களா, மனசு சரியா இருக்கா’ என்று கேட்கிறேன். அவரும் சலிக்காமல் பதில் சொல்கிறார். இரண்டு பேருமே இப்படியிருந்தால் குடும்பம் நடக்குமா?

பதில்: நடக்கும். கல்யாணம் முடிந்தபின் பீரோவில் மாத்திரை அட்டையைக் கண்டெடுக்கிற தம்பதிகளைவிட நல்ல இடத்தில் தொடங்குகிறீர்கள். பேச வேண்டியது அந்த ராத்திரி போனைப் பற்றித்தான்.

கேஸ் அடுப்பை மூடினோமா என்று சந்தேகம் வரும். போய்ப் பார்த்தால் கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும். ஓசிடி உங்களுக்குப் பழக்கம்தானே. இப்போது கேஸ் அடுப்பு இருந்த இடத்தில் அவர் இருக்கிறார். ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று அவர் சொல்வது பத்து நிமிஷ நிம்மதி. அவருடைய பொறுமை அன்புதான். ஆனால் உங்கள் நோய்க்கு அது தீனி.

அவர் பக்கம் இன்னும் சிக்கல். பைபோலாரில் தூக்கம் குறைவது மேனியாவின், அதாவது மனநிலை அளவுமீறி ஏறுவதன், அறிகுறி. சமயத்தில் மேனியாவைக் கிளப்பிவிடுவதும் அதே தூக்கக்குறைவுதான். பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் போன் அடித்தால், எதற்குப் பயப்படுகிறீர்களோ அதற்கு நீங்களே கதவைத் திறக்கிறீர்கள்.

அதற்காகக் கண்டுகொள்ளாமல் இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். மேனியா ஏறும்போது பலருக்குத் தனக்கு ஏறுவது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். எனவே, நன்றாக இருக்கும்போதே அவர் கைப்பட ஒரு தாளில் எழுதட்டும்: போன தடவை முதல் வாரத்தில் என்னென்ன மாறியது? மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பில்லாதது, வேகமான பேச்சு, கணக்கில்லாத செலவு, ஆளுக்கு ஆள் இது வேறுபடும். எந்த மருத்துவரைக் கூப்பிடுவது என்பதும் அதிலேயே இருக்கட்டும். ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் ஒரே ஒரு தடவை, பத்து நிமிஷம், இருவரும் அதைப் பாருங்கள். நடுவில் நீங்கள் கேட்டால் அவர் சொல்ல வேண்டிய பதில் ‘ஞாயிற்றுக்கிழமை பேசலாம்’. முதலில் பதற்றம் ஏறும்; கேட்காமல் உட்கார்ந்திருந்தால் தானாக இறங்கும். இதை உங்கள் சிகிச்சையாளரோடு சேர்ந்து செய்யுங்கள், ஒருநாள் அவரையும் அழைத்துப் போங்கள்.

கண்ணால் பார்ப்பது அறிகுறி. ‘வந்துவிடுமோ’ என்பது ஓசிடி. இரண்டு ராத்திரி அவர் நிஜமாகவே தூங்கவில்லை என்றால் ஞாயிறுவரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மாத்திரை விஷயம் சுருக்கமாக. அவர் சோர்ந்திருக்கிறாரே என்று உங்கள் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பைபோலார் உள்ளவருக்கு அது மேனியாவைத் தூண்டலாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தத்தில் லித்தியம் அளவைக் கூட்டும், மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். (இதை வைத்துப் புதிதாக ஒரு கவலையை ஆரம்பிக்காதீர்கள்.) குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது ஃப்ளுவாக்சிடினை நீங்களாக நிறுத்தாமல் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு பைபோலார் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் 5 முதல் 10 சதவீதம்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்காகப் பேச ஒருவரை வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கல்யாணமே அவர் தூக்கத்துக்கு முதல் சோதனை. முகூர்த்தம் நாலரை – ஆறு என்றால், ஒன்பது மணிக்கு மேல் ஒன்று கிடைக்குமா என்று கேளுங்கள். முந்தைய நாள் வரவேற்பு சீக்கிரம் முடியட்டும். ஹோமப் புகையில் வியர்த்து உட்காரும்போது அவர் பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். உடம்பில் நீர் வற்றினாலும் லித்தியம் ஏறும். அவர் குடித்தாரா என்று பார்ப்பது மாப்பிள்ளைத் தோழன் வேலை, உங்களுடையது அல்ல.