வாலில் கொம்புள்ள பச்சைப்புழு: கேள்வி பதில்

கேள்வி: நந்தியாவட்டையில் விரல் நீளத்துக்குப் பச்சைப்புழு. வாலில் கொம்பு. கொட்டுமா?

பதில்: கொட்டாது. பார்க்கத்தான் மிரட்டும், அந்தக் கொம்பில் விஷம் கிடையாது. கொம்பு இருந்தால் அநேகமாகப் பருந்து அந்துப்பூச்சி (hawk moth) என்ற விட்டில் வகையின் புழுதான். அதிலும் நந்தியாவட்டை, அரளி, நித்யகல்யாணி என்றால் அரளிப் பருந்து அந்துப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உடலின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடும் பொடிப் புள்ளிகளும் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: கோடு இருக்கிறது. தொட்டதும் இரண்டு நீலக் கண்களும் தெரிந்தன!

பதில்: அப்படியானால் அதுவேதான். அவை பொய்க்கண்கள். நிஜக் கண்கள் தலையில் இருக்கின்றன, மிக மிகச் சிறியவை. பயந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்பகுதியை உப்ப வைக்கும். அப்போது அந்தப் புள்ளிகள் விரிந்து, கொத்த வரும் பறவையை ஒரு நொடி தயங்க வைக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

கேள்வி: என்னுடையது கத்தரிச் செடியில். உடலில் சாய்வான கோடுகள், கொம்பு சொரசொரப்பாக வளைந்திருக்கிறது.

பதில்: மண்டையோட்டுப் பருந்து அந்துப்பூச்சியாக இருக்கலாம். எள் செடிக்கும் வரும். வளர்ந்த பூச்சியின் முதுகில் மண்டையோடு போன்ற அடையாளம் இருப்பதால் அந்தப் பெயர். இந்தப் பூச்சி தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும், பிடித்தால் கீச்சென்று சத்தமும் போடும். எந்தச் செடியில் இருக்கிறது என்பதே இனத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பு, அதனால் புழுவின் படத்தோடு செடியின் பெயரையும் எல்லோரும் சொல்லுங்கள். நிறத்தை மட்டும் நம்ப முடியாது, ஒரே இனத்தில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு.

கேள்வி: காசித்தும்பையில் கறுப்புப்புழு, இரு பக்கமும் வட்டப் புள்ளிகள் வரிசையாக?

பதில்: கொம்பு இருந்தால் இதுவும் அநேகமாகப் பருந்து அந்துப்பூச்சிக் குடும்பம்தான்.

கேள்வி: என் அரளிப்புழு நேற்றுவரை பச்சை. இன்று பழுப்பாகித் தரையில் ஓடுகிறது. நோயா?

பதில்: நோய் இல்லை, கூட்டுப்புழு ஆகப் போகிறது. அதற்கு இனி இலை வேண்டாம், திரும்பச் செடியில் ஏற்றாதீர்கள். சருகுக்கு அடியிலோ மண்ணிலோ அதுவே இடம் தேடிக்கொள்ளும்.

கேள்வி: செடி பாதி மொட்டை. மருந்து அடிக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நன்கு வளர்ந்த செடி மறுபடி துளிர்த்துவிடும். சின்னச் செடி என்றால் புழுவை இலையோடு கிள்ளி, அதே வகைப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். அரளிப்பால் விஷம், அப்புறம் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.