கால் வலிக்கு முதுகில் அறுவை சிகிச்சையா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. பத்து நிமிடம் நடந்தாலே இரு கால்களும் மரத்து வலிக்கின்றன, உட்கார்ந்தால் சரியாகிறது. தண்டுவட நரம்புகளின் அழுத்தத்தை நீக்க அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார் மருத்துவர். சம்மதிக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கடையில் டிராலியைத் தள்ளியபடி குனிந்து நடக்கும்போது வலி குறைகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள்; ஆம் என்றால், இடுப்பில் நரம்புகள் செல்லும் பாதை சுருங்கியிருப்பதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் குனியும்போது அப்பாதை சற்று அகலமாகிறது. லேமினெக்டமி எனப்படும் சிகிச்சையில், முள்ளெலும்பின் பின்பகுதியையும் நரம்பை நெருக்கும் தடித்த தசைநாரையும் அகற்றுகிறார்கள். கால் வலி குறையும் அளவுக்கு இடுப்பு வலியும் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நெடுநாள் மரத்துப்போன பாதத்தில் உணர்வு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். இதை முன்பே தெளிவாகப் பேசிவிட்டால் பின்னர் எழும் மனத்தாங்கல்களில் பாதி இராது என்பது என் எண்ணம். முள்ளெலும்பு நழுவியிருந்தாலன்றி, முள்ளெலும்புகளை இணைக்க ஸ்குரூ பொருத்துவது பெரும்பாலும் தேவைப்படாது. பொருத்தச் சொன்னால் காரணம் கேளுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தால், அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். பொதுவாக, யோசித்து முடிவெடுக்க அவகாசம் உண்டு. ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, அறியாமல் வெளியேறினாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.